மாடிப்படியில் மூன்று தட்டு

"ஏனுங்ப்பா, நமக்குப் புடிக்காதவங்க நமக்கு நல்லது செஞ்சுட்டா, அதுக்கப்பறம் அவங்களை எப்புடிங்ப்பா புடிக்காமயே இருக்கறது?"

டேனியலின் மகள் கவிப்பிரியா இப்படிக் கேட்டது ஒரு மழை நாளில். வகுப்பில் அவளுக்குப் பரம எதிரி ஜனனி. அந்த ஜனனி அன்றைக்குத் தன் குடையில் பாதியைக் கொடுத்து, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள். இனி இந்தப் பகையை எப்படி நடத்துவது என்று குழந்தைக்கு ஒரே குழப்பம். டேனியல் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "அதையெல்லாம் பெரியவ ஆனப்பறம் பாத்துக்கலாம் கண்ணு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். பெரியவர்களுக்குப் பதில் தெரியும் போலிருக்கிறது என்று குழந்தையும் நம்பிப் போய்விட்டது.

அருள்புரத்தில் தனபாலின் பனியன் கம்பெனியில் டேனியலுக்கு வேலை. கீழே தையல் மிஷின்கள், பேக்கிங் மேசைகள், மாடியில் ஆபீஸ். ஆபீஸில் உள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. பின்பக்கம் தகரக் கொட்டகையில் ஜெனரேட்டர். கம்பெனிப் பேச்சில் அது 'செட்டு'. செட்டைப் பார்த்துக்கொள்பவர் பொங்கியண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். சிரித்தால் முகம் அழுக்காகிவிடும் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

மின்வெட்டில் ஊரே தவித்த வருடம் அது. கரண்ட் போனால் செட்டைப் போட வேண்டும். வந்தால் லீவரைத் தள்ளிப் பழையபடி லைன் கரண்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒரு மூச்சு நேரம் கம்பெனி முழுக்க இருண்டுபோகும். அதனால் பொங்கியண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். லீவரில் கை வைக்குமுன் தையல் பக்கம் ஒரு குரல் கொடுப்பார். மிஷின் சத்தத்தில் அது மாடிக்குக் கேட்காது என்பதால், மாடிப்படியின் இரும்புக் கம்பியில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவார். டைலர்கள் பெடலிலிருந்து காலை எடுப்பார்கள். மாடியில் இருப்பவர்கள் செய்த வேலையைச் சேமித்துக்கொள்வார்கள். அப்படிச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஆபீஸ் யூபிஎஸ்ஸும் இரண்டு கம்ப்யூட்டர்களும் புகைந்துபோயின. தனபால் காரணம் கேட்டார். "செட்டு வோல்டேஜ் ஏறியிருக்குதுங்க" என்றான் டேனியல். சொன்னது பொய் இல்லை. ஆனால் சொன்ன இடம் தையல் கூடத்தின் நடு. தனபால் அங்கேயே பொங்கியண்ணனைக் கூப்பிட்டார். டீக்கு எழுந்த டைலர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, "செட்டைப் பாக்கறியா, பக்கத்துல படுத்துத் தூங்கறியா?" என்று ஆரம்பித்து, இங்கே எழுத வேண்டாத வார்த்தைகளில் போய் முடித்தார். உண்மையை ஒரு ஓரமாகக் கூப்பிட்டும் சொல்லலாம் என்று டேனியலுக்கு அப்போது தோன்றவில்லை. கடவுள் நம் குறைகளை அப்படித்தான் சொல்கிறார், ஒரு ஓரமாக. மனிதர்களுக்குத்தான் கூட்டம் வேண்டியிருக்கிறது.

அன்றோடு மாடிப்படியில் தட்டு நின்றுபோனது. சொல்லாமல் கொள்ளாமல் விளக்கு அணையும், பாதி அடித்த மெயில் போய்விடும், மாடியே திட்டும். "என்னங்கண்ணா, ஒரு தட்டுத் தட்டுனா கையா தேஞ்சுபோயிரும்?" என்று டேனியல் ஒருமுறை கேட்டான்.

"தூங்கறவன் எப்படித் தட்டுவானுங்க கம்ப்யூட்டர் சார்?" என்றார் பொங்கியண்ணன்.

டேனியலும் சளைத்தவனில்லை. பொங்கியண்ணனின் செல்போன் கெட்டுப்போய் யாரோ அவனிடம் கொண்டுவந்தபோது, "செட்டுக்காரரு போனா? அக்கட்டக் கொண்டுபோ, என்ற மேசையில வெச்சா மேசை பத்திக்கும்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொட்டகைவரை போய்ச் சேர்ந்தது.

இந்த நிலையில்தான் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தனபால் டேனியலைக் கூப்பிட்டார்.

"காப்பியடிச்ச விண்டோஸ் ஒண்ணுகூட இருக்கக்கூடாதுன்னு பையர் மெயில் போட்டிருக்கறான். திங்கக்கெழமை ஆடிட்டுக்கு ஆளு வர்றாங்க. சித்ரகலா லேப்டாப்பைத்தான் மொதல்ல தொறந்து பாப்பாங்க. என்னமோ ஓசியில ஒண்ணு இருக்குதுன்னியே?"

"லினக்ஸுங்க."

"அதைப் போட்டுடு. ஆனா ஒண்ணு. டி டிரைவ்ல இருக்கற அளவுச் சார்ட்டு ஒண்ணு தொலஞ்சாலும், திங்கக்கெழமை நீ வர வேண்டாம்."

"எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒண்ணு வாங்கிக் குடுத்தீங்கன்னா, எல்லாத்தையும் காப்பி எடுத்து வெச்சுட்டு..."

"ஓசியில போடற வேலைக்கு ஒரு செலவா? போ, போ."

சித்ரகலா கம்பெனியின் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்கும் தையல் கூடத்துக்கும் நடுவே நிற்பவள். எந்த ஸ்டைலுக்குக் கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு என்ற சார்ட்டுகள் எல்லாம் அவள் லேப்டாப்பின் டி டிரைவில்தான் இருந்தன. அவை போனால் ரிப்பீட் ஆர்டர் எதையும் தைக்க முடியாது. ஒரு பென் டிரைவில் இந்த வாரத்துச் சார்ட்டுகளை மட்டும் எடுத்துவைத்தான் டேனியல். மற்றவற்றை வைக்க இடமில்லை. எரிந்துபோன யூபிஎஸ்ஸுக்குப் பதிலாகத் தனபால் புதிது வாங்கவில்லை. லேப்டாப்பின் பேட்டரியோ எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும்.

சனிக்கிழமை காலையில், கோயமுத்தூர் நண்பன் கொடுத்த லினக்ஸ் சிடியோடு உட்கார்ந்தான். மதியத்துக்குமேல்தான் கரண்ட் போகும். அதற்குள் முடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. சிடியை உள்ளே தள்ளினான். லேப்டாப் கிர்ர் கிர்ர் என்று மென்றுபார்த்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டது. மறுபடி தள்ளினான். மறுபடியும் அதே. சிடித் தட்டை வெளியே இழுத்துக் குனிந்து பார்த்தவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிடியைப் படிக்கும் சின்னக் கண்ணாடிக் கண்ணின்மேல் காய்ந்த சந்தனம். அதன் நடுவில் அழகாக ஒரு குங்குமப் புள்ளி.

"யாருங்க வேலை இது?"

சித்ரகலா தயங்கினாள். "மொதலாளியம்மாங்க. தையல் மிஷினுக்கெல்லாம் மூடியத் தொறந்து உள்ளயும் ஒரு பொட்டு வெச்சாங்க. இதுக்கும் வாயத் தொறன்னாங்க. நாந்தான் பட்டனை அமுத்திவிட்டேன்."

"சாமி கும்பிடறப்ப நாமதான் கண்ணை மூடோணும். நீங்க மிஷினு கண்ணையே மூடிவிட்டுட்டீங்க."

"நக்கலெல்லாம் அப்பறம் பண்ணுங்க. சார்ட்டு போச்சுன்னா உங்களுக்கு மட்டுமில்லீங்க, எனக்குந்தான் வேலை போகும்."

கீழே போய்க் கட்டிங் வேஸ்டில் மெத்தென்ற பனியன் துண்டாகப் பொறுக்கி எடுத்துவந்து, ஈரம் தொட்டு, குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோலத் துடைத்தான். சந்தனம் போனது, ஆனால் கண்ணாடி மங்கல்தான். சிடி ஓடியது, நின்றது, யோசித்தது, மறுபடி ஓடியது. ஒரு திரை வந்து அடுத்த திரை வருவதற்குள் சித்ரகலா டீ குடித்துவிட்டு வந்தாள். டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்துக்கு வந்துசேர்ந்தபோது காலைப்பொழுது முழுக்கத் தீர்ந்திருந்தது. கரண்டும் போயிற்று. கொட்டகையில் செட்டு உறுமியது. டேனியல் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினான்.

மறுபடி அந்தத் திரை வந்தது. முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றது முதல் வழி. சுலபமானது, சார்ட்டுகளுக்கு எமன். கடைசியில் இருந்தது 'மேனுவல்' என்ற வழி. எதை அழிப்பது, எதைத் தொடக்கூடாது என்று நாமே ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அதைத்தான் எடுத்தான். விண்டோஸ் இருந்த சி டிரைவை அழிக்கலாம். ஆனால் லேப்டாப்பை விற்ற கடைக்காரன் சி-க்கு ஒரு விரல் அளவுதான் இடம் ஒதுக்கியிருந்தான். லினக்ஸ் குடியேற வேண்டுமென்றால் டி டிரைவைச் சுருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபைல்களை ஒரு பக்கமாக ஒதுக்கி நெருக்கிவைத்தால்தான் அது சுருங்கும். அந்த வேலை நடக்கும்போது கரண்ட் நின்றால் ஃபைல்கள் பழைய இடத்திலும் இருக்காது, புது இடத்திலும் இருக்காது. தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தவும் வழியில்லை.

சாயங்காலம்வரை கரண்ட் வராது என்று மின்சார வாரியத்தில் சொல்லியிருந்தார்கள். செட்டு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. டேனியல் கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபம் செய்துவிட்டுப் பட்டனை அமுக்கினான். திரையில் ஒரு பட்டை தோன்றி எறும்பைப்போல ஊர ஆரம்பித்தது.

அது பாதிகூட வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏதோ குறைந்ததுபோல இருந்தது. காது கொடுத்துக் கேட்டான். பக்கத்துக் கம்பெனியின் செட்டு நின்றுவிட்டது. அதற்கடுத்து எதிர்ப்பக்கத்து நிட்டிங் கம்பெனியின் செட்டும். ஒவ்வொன்றாக ஓசை அடங்க அடங்க, அவனுக்கு விஷயம் புரிந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது.

படிகளைத் தாவி இறங்கிக் கொட்டகைக்கு ஓடினான். பொங்கியண்ணன் எழுந்து நின்றிருந்தார். கை லீவரின் மேல் இருந்தது.

"அண்ணா, மாத்தீராதீங்க! கொஞ்சம் பொறுங்க!"

பொங்கியண்ணன் கையை எடுக்காமலே திரும்பினார். "ஏனுங்க கம்ப்யூட்டர் சார், என்ற செட்டுக் கரண்டு உங்க பொட்டிக்கு ஆகாதே? வோல்டேஜ் சாஸ்தின்னு ஊரு கூட்டிச் சொன்னீங்களே?"

"இப்ப அதுக்கு நேரமில்லீங்கண்ணா. டிஸ்க் வேலை பாதியில நிக்குது. ஒரு கண்ணு சிமிட்டுனாக்கூட எல்லாம் போயிரும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியலீங்க."

"தெரியாதா? கோடு வருது, படம் வருது, எவ்வளவு நேரம்னு மட்டும் வராதா? லைன்ல கரண்டு இருக்கறப்ப ஒரு நிமிசம் செட்டு ஓடுனாலும் மொதலாளி என்ற தோலை உரிப்பாரு. உன்ற பொட்டிக்கு நான் டீசல் எரிக்கோணுமா?"

"என்ற வேலை போயிருமுங்கண்ணா."

"அன்னைக்கு என்ற மானம் போச்சே, அப்ப நீ எங்க நின்ன? மிசினுக்கு நடுவுல நின்ன. பாத்துட்டுத்தானே நின்ன?"

டேனியல் லீவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இங்க நிக்காத. மேல போ" என்றார் பொங்கியண்ணன்.

டேனியல் மேலே போனான். பட்டை அதே இடத்தில்தான் கிடந்தது. சித்ரகலா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். டேனியல் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது அணையும், இதோ அணையும். 'ஆண்டவரே, அந்த மனுசன் கையைப் புடிச்சுக்கோ' என்று வேண்டினான். வேறு எதுவும் வேண்டத் தோன்றவில்லை. டேனியலின் வாயையும் கொஞ்சம் பிடித்திருக்கலாம் ஆண்டவர், அந்த ஆடி மாதத்தில்.

லைட் அணையவில்லை.

கீழே தையல் கூடத்திலிருந்து யாரோ ஒரு டைலர் கத்துவது கேட்டது. "என்னங்க பொங்கியண்ணா, பக்கத்துல கரண்டு வந்து எத்தனை நேரமாச்சு! நெசமாலுமே தூங்கீட்டீங்களா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தப் பழைய சிரிப்பேதான்.

"லைனு லோ வோல்டேஜுல வருது!" பொங்கியண்ணனின் குரல் செட்டுச் சத்தத்தை மீறிக்கொண்டு வந்தது. "உன்ற மிசினு மோட்டார் புகைஞ்சா நீ தருவியா, உங்கப்பன் தருவானா? மூடிக்கிட்டுத் தைய்யி!"

டேனியல் சுவரிலிருந்த மீட்டரைப் பார்த்தான். லைன் கரண்டைக் காட்டும் முள் தன் இடத்தில் ஒழுங்காக நின்றிருந்தது. லோ வோல்டேஜ் எல்லாம் இல்லை. செட்டின் முள்ளும் இம்மிகூட ஆடவில்லை. யாரோ பக்கத்திலேயே நின்று கவனித்துக்கொண்டிருந்தால் ஒழிய, அந்தப் பழைய செட்டு அவ்வளவு ஒழுங்காக ஓடாது.

பட்டை ஊர்ந்தது. நின்றது. மறுபடி ஊர்ந்தது. சித்ரகலா தன் இஷ்ட தெய்வங்களை எல்லாம் ஒரு சுற்றுக் கூப்பிட்டு முடித்து, மறுசுற்றுத் தொடங்கியிருந்தாள். ஒருவழியாகப் பட்டை மறுகரையைத் தொட்டு மறைந்தது. டி டிரைவ் சுருங்கி ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் லினக்ஸுக்காகக் காலி இடம்.

டேனியல் லேப்டாப்பை முறைப்படி அணைத்துவிட்டு, மாடிப்படியின் தலைப்பில் வந்து நின்றான். பொங்கியண்ணன் கொட்டகை வாசலில் ஒரு காலி டிரம்மின் மேல், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதுங்கண்ணா" என்றான்.

அவர் திரும்பவில்லை. எழுந்தார். கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தார். படியருகே வந்து, யாரையும் பார்க்காமல், இரும்புக் கம்பியில் மூன்று தட்டுத் தட்டினார். டேனியலின் உள்ளங்கைக்குக் கீழே கம்பி அதிர்ந்தது. அவர் கொட்டகைக்குள் போனதும் கம்பெனி முழுக்க ஒரு மூச்சு நேரம் இருண்டு, மறுபடி வெளிச்சமாயிற்று.

மீதி வேலை லைன் கரண்டில் நடந்தது. மங்கல் கண்ணைக் கசக்கிக் கசக்கி லேப்டாப் சிடியைப் படித்து முடித்தது. சாயங்காலம் புதுத் திரை வந்தபோது, "ஸ்டார்ட் பட்டனையே காணோம். இதுல எங்க போய்த் தொடங்கறது?" என்று சித்ரகலா முகத்தைச் சுளித்தாள். ஆனால் டி டிரைவைத் திறந்து ஒவ்வொரு ஸ்டைலாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், கடைசியில் இருந்ததையும் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சார்ட்டுகள் எல்லாம் இருந்தன.

டேனியல் கொட்டகைக்குப் போனான்.

"அண்ணா, நீங்க மட்டும் இல்லீன்னா..."

"உனக்காகன்னு நெனச்சியா?" பொங்கியண்ணன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "செட்டு சூடேறிக் கெடந்துது. ஒடனே நிறுத்துனா இஞ்சின் கெட்டுப்போகும். என்ற செட்டுக்காகத்தான் ஓட்டுனேன். உன்ற பொட்டி எரிஞ்சா எனக்கென்ன, மழை பேஞ்சா எனக்கென்ன? போ, போய் வேலையப் பாரு."

டேனியலுக்குச் சுருக்கென்றது. நன்றி சொல்ல வந்தவன் மூஞ்சியில் தண்ணீர் ஊற்றியதுபோல. 'இந்த ஆளைத் திருத்தவே முடியாது' என்று முனகிக்கொண்டு மாடிக்கு ஏறினான்.

பாதிப் படியில் திரும்பிப் பார்த்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. பொங்கியண்ணன் டீசல் டேங்க்கின் மூடியைத் திறந்து அளவுகோலை உள்ளே விட்டு எடுத்தார். அது தனபாலின் கோல். சனிக்கிழமை மதியம் பெருமாநல்லூர் வீட்டுக்குக் கிளம்புமுன் டீசல் மட்டத்தை அளந்து அதில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். திங்கட்கிழமை வந்ததும் மறுபடி விட்டுப் பார்ப்பார். எவ்வளவு நேரம் கரண்ட் போனது என்று பக்கத்துக் கம்பெனிக்காரரிடம் போனில் கேட்டுக்கொள்வார். கணக்கு ஒத்துவராவிட்டால் அதற்கு அவர் அகராதியில் ஒரே அர்த்தம்தான்: திருட்டு. போன வருடம் கந்தப்பன் என்ற உதவியாளை அந்தப் பேரோடுதான் அனுப்பினார். அந்தப் பேர் கந்தப்பனுக்கு முன்னால் நடந்துபோய், அவன் வேலை கேட்ட கம்பெனிகளில் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

பொங்கியண்ணன் கோலில் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தார். மட்டம் நின்றிருக்க வேண்டிய இடம் அது. ஈரம் நின்றதோ அதற்கு இரண்டு விரற்கடை கீழே. அவர் அந்த இடைவெளியை விரல் வைத்து அளந்தார். பிறகு கோலைத் துடைத்து, மூலையில் சாத்திவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை அவர் 'டேனியல் கேட்டான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அந்த வார்த்தையை அவர் சொல்லமாட்டார் என்று டேனியலுக்கு ஏனோ உறுதியாகத் தெரிந்தது. அந்த உறுதிதான் அவனை அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மனைவியையும் மகளையும் வீட்டில் இறக்கிவிட்டான்.

"எங்கீங்ப்பா போறீங்க?" என்றாள் கவிப்பிரியா.

"கம்பெனிக்குக் கண்ணு. ஒரு சின்ன வேலை."

குழந்தை முகத்தைப் பார்த்ததும் அந்த மழை நாளும் பாதிக் குடையும் ஞாபகம் வந்தன. பெரியவனாகித்தான் இருந்தான், பதில் மட்டும் இன்னும் வந்துசேரவில்லை.

பங்க்கில் கேன் நிறைய டீசல் பிடித்து, அதைச் சாக்குப்பைக்குள் வைத்துப் பைக்கில் கட்டினான். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் இல்லை, சாப்பிடப் போயிருந்தான். கம்பெனிக் கதவின் சாவி டேனியலிடம் இருந்தது. கேட் வெறுமனே சாத்தியிருந்தது. மிஷின்கள் எல்லாம் துணி போர்த்திக்கொண்டு கிடந்தன. ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாசலில் வாடித் தொங்கியது. கொட்டகையில் டீசல் வாடையும் பல்லியின் சத்தமும் மட்டுந்தான்.

டேங்க்கின் மூடியைத் திறந்தான். அப்போதுதான் புனல் கொண்டுவரவில்லை என்பது ஞாபகம் வந்தது. சுற்றிலும் பார்த்தான். மூலையில், நூல் தீர்ந்துபோன பிளாஸ்டிக் கோன் ஒன்று தூசிபடிந்து கிடந்தது. அதைத் துடைத்து, குறுகலான பக்கத்தை டேங்க்கின் வாயில் செருகி, கேனைச் சாய்த்தான். டீசல் மெல்லிய நூலைப்போல இறங்கியது. கை வலித்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டான். நடுவில் ஒருமுறை கோலை விட்டுப் பார்த்தான். ஒரு விரற்கடை ஏறியிருந்தது. மறுபடி ஊற்றினான். மறுபடி கோலை விட்டான். நேற்று பொங்கியண்ணனின் கட்டைவிரல் இருந்த இடம் நனைந்து மினுங்கியது.

சிந்தியதைப் பனியன் துண்டால் துடைத்தான். மூடியைத் திருகினான். கோலைத் துடைத்து, சாக்பீஸ் கோடு சுவரைப் பார்க்கும்படி, முன்பு இருந்த மாதிரியே மூலையில் சாத்தினான். காலி கேனையும் எண்ணெய் பட்ட கோனையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டான்.

போகிற வழியில் மாடிப்படியின் இரும்புக் கம்பியில் ஒருமுறை கையை வைத்தான். தட்டவில்லை. கதவைப் பூட்டி, கேட்டைப் பழையபடி சாத்திவிட்டு, பைக்கை ரோடுவரை தள்ளிக்கொண்டே போனான்.